ஓசிஆர்-மை-பிடிஎஃப்: தவறாகத் தட்டியவருக்கு அது சொல்லும் பதில்

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ், ஸ்கேன், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரும் தூரம். எங்கள் பகுதிக்கு வந்தவர்களுக்குத் தெரியும்: லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று பல போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்தும் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், பை நிறையப் பழைய ரிப்போர்ட்டுகளைச் சுமந்து வருவார்கள். அத்தனையையும் ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்வார்கள். வெறும் படமாக இருந்தால் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும். கிரியேட்டினின் என்று தேடினால் நான்கு வருட ரிப்போர்ட்டுகளிலும் அந்தச் சொல் உள்ள இடம் உடனே வர வேண்டும்.

இந்த வேலைக்கு மூன்று வருடமாக நான் நம்பியிருப்பது ஓசிஆர்-மை-பிடிஎஃப் என்ற மென்பொருள். ஜேம்ஸ் பார்லோ என்பவர் முன்னின்று பராமரிக்கிறார். இலவசம், மூலநிரலும் திறந்தது. ஸ்கேன் செய்த பக்கத்தைப் படித்து, படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் ஒன்றை வைத்துவிடும். இப்படிப் படத்திலிருந்து எழுத்தைப் படிப்பதற்குப் பெயர்தான் ஓ.சி.ஆர். அந்த வேலையை உள்ளே டெஸராக்ட் என்ற இன்னொரு மென்பொருள் செய்கிறது. பொத்தான், மெனு எதுவும் கிடையாது. கருப்புத் திரையில், டெர்மினலில், கட்டளை தட்ட வேண்டும். நான் கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

பி.டி.எஃப். மாற்றித் தரும் வலைத்தளங்கள் எத்தனையோ இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். அடுத்தவர் நோய் விவரம் அது. எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றிவிட்டு, அழித்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. இது என் கடைக் கணினியிலேயே ஓடுகிறது. நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிறது.

எழுத்தை எவ்வளவு சரியாகப் படிக்கிறது, எவ்வளவு வேகம் என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அச்செழுத்தை நன்றாகப் படிக்கும், டாக்டர் கையெழுத்தை எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு மேல் அதில் நான் சொல்ல எதுவும் இல்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம். கட்டளையில் ஒரு சொல்லைத் தவறாகத் தட்டினால் இந்தக் கருவி என்ன பதில் சொல்கிறது? ஒரு மென்பொருளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நான் இப்போது இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

ஏனென்றால் கட்டளையைத் தட்டுவது பெரும்பாலும் நான் இல்லை. கடையில் எனக்கு உதவியாக அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள், நல்ல கெட்டிக்காரி. கவுண்டருக்கு எதிரில் ஒரு அம்மா மதியம் இரண்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அந்த நேரத்தில் திரையில் வரும் நாலு வார்த்தைதான் இந்தப் பெண்ணுக்கு ஆசிரியர். அது சரியாகச் சொல்லித் தந்தால் அந்த அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். இல்லையென்றால் நான் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடி வர வேண்டும்.

இதற்கு முன்னால் பி.டி.எஃப். அளவைக் குறைக்க வேறொரு கருவி வைத்திருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். எதைத் தவறாகக் கொடுத்தாலும் அதற்கு ஒரே பதில்தான்: செல்லாத ஆர்க்யுமென்ட். கட்டளையின் பெயருக்குப் பின்னால் நாம் கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு ஆர்க்யுமென்ட். எந்த ஆர்க்யுமென்ட், ஏன் செல்லாது, எது செல்லும், ஒன்றும் கிடையாது. ஏழு சொல் உள்ள கட்டளையில் எது தவறு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். ஒரு நாள் தரத்துக்கு 80 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் 80% என்று கொடுத்திருந்தோம். அந்தச் சதவீதக் குறியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கே அதைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஓசிஆர்-மை-பிடிஎஃப். முதல் நாளே மொழியில் தவறு செய்தேன். மொழி இன்னது என்று சொல்ல -எல் என்ற ஆப்ஷன். அதற்குப் பின்னால் தமிழ் என்பதன் ஆங்கில எழுத்துகள் ஐந்தையும் முழுசாக எழுதிக் கொடுத்தேன். வேறு எப்படி எழுதுவது? வலைப்பக்கங்களில் தமிழுக்கு இரண்டு எழுத்துக் குறி, டி, ஏ. லினக்ஸ் அமைப்புகளில் அதோடு இந்தியாவைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஓ.சி.ஆர். உலகத்தில் மூன்று எழுத்து, டி, ஏ, எம். ஒரே மொழிக்கு இத்தனை பெயர் என்று புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு வந்த பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. நீங்கள் கேட்ட இந்த மொழிக்கான தரவு என்னிடம் இல்லை என்று, நான் எழுதிய சொல்லை அப்படியே காட்டியது. அதற்கான தரவை நிறுவிக்கொள்ளுங்கள், விவரம் இந்தப் பக்கத்தில் என்று முகவரி கொடுத்தது. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: பெரும்பாலான மொழிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 639-2 தரத்தின் மூன்றெழுத்துக் குறி. ஆங்கிலத்துக்கு இது, ஜெர்மனுக்கு இது, ஸ்பானிஷுக்கு இது, சீனத்தின் இரண்டு எழுத்து வடிவங்களுக்கு இவை. தமிழுக்கு எது என்று சொல்லவில்லைதான். ஆனாலும் மூன்றெழுத்து என்ற பிடி கிடைத்ததும் மீதியை நானே கண்டுபிடித்தேன். என் கணினியில் ஓடும் உபுண்டு என்ற லினக்ஸில் அதற்கான தொகுப்பின் பெயரும் டெஸராக்ட்-ஓசிஆர்-டேம் என்று அதே மூன்றெழுத்தில்தான் முடிகிறது. இப்போது எங்கள் கடையில் தமிழ், வங்காளம், இந்தி, அஸ்ஸாமி நான்கும் இருக்கின்றன. இரண்டு மொழி கலந்த தாளுக்கு நடுவில் கூட்டல் குறி போட வேண்டும்: டேம்+எங்.

அந்தச் செய்தியை எழுதியவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். இல்லை என்று சொன்னதோடு விட்டுவிடவில்லை. இவர் எதனால் தவறியிருப்பார் என்று யோசித்து, அந்தக் காரணத்துக்கும் பதில் எழுதியிருக்கிறார். முழுப்பெயர் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று, எங்களுக்குத் தினமும் வருவது. போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தப் படங்களில் பல சமயம் டி.பி.ஐ. என்ற விவரம் இருக்காது. ஒரு அங்குலத்துக்கு எத்தனைப் புள்ளி என்று தெரியாமல் தாள் எவ்வளவு பெரியது என்று கருவிக்குப் புரியாது. சில மென்பொருள்கள் தாங்களாக 72 என்று வைத்துக்கொண்டு, ஏ4 ரிப்போர்ட்டைப் போஸ்டர் அளவுக்கு ஆக்கித் தந்துவிடும். இது அப்படிச் செய்யாமல் நின்றுவிடுகிறது. நின்று, உள்ளே கொடுத்தது படம், அதில் டி.பி.ஐ. இல்லை, என்ன அளவில் ஸ்கேன் செய்தது என்று மதிப்பிட்டு --இமேஜ்-டிபிஐ என்ற ஆப்ஷனில் கொடுங்கள் என்று சொல்கிறது. அடுத்து எந்த ஆப்ஷனைத் தட்ட வேண்டும் என்பது அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது.

எப்படி மதிப்பிடுவது என்பதை மட்டும் நான் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், அதாவது 8.27 அங்குலம். படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பார்த்து 8.27ஆல் வகுக்க வேண்டும். 2480 பிக்சல் என்றால் 300. 1240 என்றால் 150. இந்த ஒரு வரியும் செய்தியிலேயே இருந்தால் என் தாளுக்கு வேலை இல்லை.

சென்ற வருடம் குடியாத்தத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய மாத இதழ்களைக் கொண்டு வந்தார். அவருடைய அப்பா சேர்த்து வைத்தவை, 186 இதழ்கள். சிலவற்றை ஏற்கெனவே வேறெங்கோ ஸ்கேன் செய்து பென் டிரைவில் வைத்திருந்தார். "தேடினா ஒண்ணுமே வரலம்மா, எல்லாம் ஏ பி சி டியா வருது" என்றார். திறந்து பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று நினைத்துப் படித்த எழுத்துப் படலம் உள்ளே இருந்தது. கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடினால் ஆங்கிலக் குப்பை.

இப்படி ஏற்கெனவே எழுத்து உள்ள கோப்பைக் கொடுத்தால் இந்தக் கருவி மேலே எழுதிக் கெடுக்காது. இந்தப் பக்கத்தில் முன்பே எழுத்து இருக்கிறது, நிறுத்துகிறேன் என்று சொல்லும். வலுக்கட்டாயமாகச் செய்ய --ஃபோர்ஸ்-ஓசிஆர் என்று கொடுங்கள், --ஸ்கிப்-டெக்ஸ்ட், --ரீடூ-ஓசிஆர் என்ற இரண்டின் விளக்கத்தையும் பாருங்கள் என்று கூடவே சொல்லும். மூன்று ஆப்ஷன்களையும் எனக்கு அறிமுகம் செய்து வைத்தது அந்தச் செய்திதான், புத்தகமோ வீடியோவோ இல்லை. எழுத்து உள்ள பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்வது ஒன்று. பக்கத்தைப் படமாக்கி எல்லாவற்றையும் புதிதாகப் படிப்பது ஒன்று. பழைய ஓ.சி.ஆர். படலத்தை மட்டும் உரித்துவிட்டுப் புதிது போடுவது ஒன்று. ஆசிரியருக்கு வேண்டியது மூன்றாவது.

உதவிப் பெண் அன்றைக்கு ஆர்வத்தில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள் என்று மூன்று பெயரையும் வரிசையாக எழுதியது. அடுத்து --ரீடூ-ஓசிஆரோடு, சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தும் --டெஸ்க்யூவைச் சேர்த்தாள். இதற்கு இது ஒத்துவராது, இன்னும் இவையும் ஒத்துவராது என்று பட்டியல் கொடுத்தது. ஏன் ஒத்துவராது என்று சொல்லவில்லை. பழைய படலத்தை உரித்து மாற்றும்போது பக்கத்தின் படத்தில் கைவைப்பதில்லை, நிமிர்த்த வேண்டுமானால் கைவைத்தாக வேண்டும், அதுதான் காரணம். எனக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆனது. அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை. "அக்கா, இது ரெண்டும் சேராதாம், நானே எடுத்துட்டேன்" என்றாள். நான் அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தேன், தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு பிழைச்செய்தி உருப்படியானதா என்று கேட்டால் இதைத்தான் நான் காட்டுவேன்.

பழைய தாளில் கறையை நீக்க --க்ளீன் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதற்கு அன்பேப்பர் என்ற தனி நிரல் வேண்டும். அது கணினியில் இல்லாமல் இந்த ஆப்ஷனைக் கொடுத்தால், இன்ன நிரல் காணவில்லை, இந்த ஆப்ஷனுக்காகத்தான் அது தேவைப்படுகிறது, ஆப்ஷனை விட்டுவிட்டுப் பார்க்கலாம் அல்லது நிரலை நிறுவிக்கொள்ளலாம் என்று இரண்டு வழியும் சொல்கிறது. அவசரத்தில் இருப்பவருக்கு முதல் வழி, ஓய்வாக இருப்பவருக்கு இரண்டாவது.

186 இதழையும் பகலில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. இரவு கடையைப் பூட்டும்போது ஓட விட்டுவிட்டுப் போவேன். இங்கே மனிதருக்கு எழுதும் செய்தி போதாது, கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்ட நான் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் பதில் வேண்டும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. பல கருவிகள் எந்தத் தவறுக்கும் 1 என்று விட்டுவிட்டுப் போய்விடும். இது தவறுக்குத் தகுந்த மாதிரி எண் வைத்திருக்கிறது: கட்டளையே தவறு என்றால் 1, உள்ளே கொடுத்த கோப்பில் கோளாறு என்றால் 2, தேவையான நிரல் இல்லை என்றால் 3, முன்பே எழுத்து உள்ளது என்றால் 6, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது என்றால் 8. என் ஸ்கிரிப்ட் 6 வந்த கோப்புகளை ஒரு ஃபோல்டருக்கும் 8 வந்தவற்றை இன்னொரு ஃபோல்டருக்கும் தள்ளிவிடும். காலையில் வந்து பார்த்தால் எது எதற்காக நின்றது என்று பிரித்தே வைத்திருக்கும். பூட்டிய கோப்புகளுக்கு மட்டும் ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

சரி, இனி குறைகள். அதிலும் ஒன்று பெரிய குறை.

இந்தக் கருவி பைதான் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. கட்டளைச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஆர்க்பார்ஸ் என்ற நூலகத்தை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறது. 2010இல் பைதான் 2.7 வந்தபோதிலிருந்து அந்த மொழியோடு கூடவே வருவது அது. எத்தனையோ கருவிகளுக்கு அதுதான் வாசல்காரர். மேலே நான் சொன்ன நல்ல செய்திகள் எல்லாம் வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு கிடைப்பவை. வாசலிலேயே தவறு பிடிபட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது.

ஆப்ஷன் பெயரில் ஒரு எழுத்து மாறினால் போதும். முதலில் இந்தக் கருவியின் அத்தனை ஆப்ஷன்களையும் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வரிசையாகக் கொட்டும். ஆப்ஷன்கள் ஏராளம் என்பதால் எங்கள் பழைய மானிட்டரில் பாதித் திரை நிறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், தெரியாத ஆர்க்யுமென்ட் இன்னது என்று இருக்கும். தேவையான சேதி அந்த ஒரு வரிதான். உதவிப் பெண் முதல் தடவை பார்த்தபோது, "அக்கா, இன்னாமோ பக்கம் பக்கமா வந்துக்கினு இருக்குது, நான் எதப் படிக்கிறது?" என்று கூப்பிட்டாள். என் அண்ணன் மகள் காட்பாடியில் என்ஜினியரிங் படிக்கிறாள். அவள்தான் போனில், "அத்தை, மேல இருக்கிறத விட்டுடுங்க, கடைசி வரிய மட்டும் படிக்கச் சொல்லுங்க" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்ல எல்லாக் கடையிலும் ஒரு அண்ணன் மகள் இருக்க மாட்டாள்.

பெரிய குறை இதைவிட ஆழமானது. ஒரு நாள் அண்ணன் மகள் ஒரு கட்டளையைப் போனில் எழுதி அனுப்பினாள். நான் அதை அப்படியே எடுத்து டெர்மினலில் ஒட்டினேன். அதில் இருந்தது மூன்றே சொல்: நிமிர்த்தச் சொல்லும் --டெஸ்க்யூ, ஸ்கேன் கோப்பின் பெயர், முடிவைப் போட வேண்டிய கோப்பின் பெயர். வந்த பதில்: தெரியாத ஆர்க்யுமென்ட், அப்புறம் அந்த மூன்றாவது சொல். முடிவுக் கோப்பின் பெயர்!

கோப்புப் பெயரில் என்ன தவறு இருக்க முடியும்? பெயரை மாற்றினேன். இடைவெளி இருக்கிறதா பார்த்தேன். வேறு ஃபோல்டரில் போட்டேன். ஒவ்வொரு முறையும் கடைசிக் கோப்பையே குற்றம் சொன்னது. சாயந்திரம் அவள் நேரில் வந்து திரையைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவள் தட்டிய இரண்டு சின்னக் கோடுகளையும் போன் ஒன்றாக்கி ஒரு நீளக் கோடாக மாற்றியிருக்கிறது. பல போன்களும், கடிதம் எழுதும் மென்பொருள்களும் இதைத் தானாகவே செய்கின்றன. அச்சில் அழகாக இருக்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கட்டளையில் அது வேறு எழுத்து.

என்ன நடந்தது என்று அவள் ஒரு பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். சின்னக் கோட்டில் தொடங்கினால்தான் ஆர்க்பார்ஸுக்கு அது ஆப்ஷன். நீளக் கோட்டில் தொடங்கினால் அது வெறும் பெயர். ஆகவே டெஸ்க்யூவை உள்ளே வரும் கோப்பு என்று எடுத்துக்கொண்டது. என் ஸ்கேன் கோப்பை, முடிவைப் போட வேண்டிய கோப்பு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு இடமும் நிறைந்துவிட்டது. மூன்றாவதாக நின்றது வழி தெரியாத ஆளாகிவிட்டது. தவறு செய்தது முதல் சொல், பழி விழுந்தது மூன்றாவது சொல்லின் மேல்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. என் ஸ்கேன் கோப்பு இருந்தது முடிவு எழுதப்படும் இடத்தில். நல்லவேளை, மூன்றாவது சொல் மிஞ்சியதால் எதுவும் நடக்காமல் நின்றது. டெஸ்க்யூ என்ற பெயரில் கோப்பும் கிடையாது. ஆனால் இதே மாதிரி இடம் மாறிப் புரிந்துகொள்ளும் வேறொரு கருவி, கேள்வி கேட்காமல் மேலே எழுதும் கருவி, என்ன செய்திருக்கும்? நோயாளியின் ஒரே பிரதி அது.

நீளக் கோட்டில் தொடங்கும் சொல்லைப் பார்த்தால் சந்தேகப்படுவது கஷ்டமான வேலை இல்லை. கோப்புப் பெயரை அப்படித் தொடங்குகிறவர் அபூர்வம். பக்கத்தில் இன்னொரு சொல் மிஞ்சியும் நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மனிதர் யாரும் உடனே சொல்லிவிடுவார். லினக்ஸில் கோப்பு அழிக்கும் ஆர்எம் கட்டளையின் க்னூ வடிவம் இதற்கு நேர் எதிரான சிக்கலில் இதைச் செய்கிறது. கோப்பின் பெயரே சின்னக் கோட்டில் தொடங்கினால் அது ஆப்ஷன் என்று நினைத்து, தெரியாத ஆப்ஷன் என்று சொல்லும். ஆனால் உடனே அந்தப் பெயரில் கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அந்தக் கோப்பை அழிக்க வேண்டுமானால் முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து இப்படித் தட்டுங்கள் என்று முழுக் கட்டளையையே எழுதிக் காட்டும். ஒரு நிமிடம் கூடுதலாக யோசித்த ஒருவர் எழுதிய வரி அது. எத்தனை பேரின் மாலை நேரத்தைக் காப்பாற்றியிருக்கும்.

எழுத்து மாறிய ஆப்ஷனுக்கும் இதே அக்கறை வேண்டும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் கருவியில் உள்கட்டளையின் பெயரைத் தவறாகத் தட்டினால், அப்படி ஒன்று இல்லை, இதற்கு மிக நெருக்கமானது இது என்று எடுத்துத் தருகிறது. நெருக்கத்தை அளக்க 1960களிலேயே கணக்கு வந்துவிட்டது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. லெவன்ஷ்தைன் என்ற கணித அறிஞர் 1965இல் எழுதியதால் அவர் பெயரில் அழைக்கிறார்கள். வேலூர் என்பதை வேளூர் என்று எழுதினால் தூரம் 1. பக்கத்துப் பக்கத்து எழுத்து இரண்டும் இடம் மாறுவதையும் ஒரே தவறாக எண்ணும் வகை உண்டு. அவசரமாகத் தட்டுகிறவர்களுக்கு அதுதான் பொருத்தம்.

கிட் எடுத்துத் தருவதோடு நிறுத்திக்கொள்கிறது, நாமாக மாற்றி அமைத்தால் ஒழியத் தானாக ஓட்டிவிடாது. இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். சீட்டில் மருந்தின் பெயர் தெளிவாக இல்லையென்றால் நெருக்கமான பெயரை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "இதுவா, இதுவா, டாக்டர் எதுக்குன்னு குடுத்தாரு?" என்று கேட்பார். கேட்ட பிறகும் சந்தேகம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கோப்பை மாற்றி எழுதுகிற கருவியும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஊகத்தைச் சொல்லலாம், ஊகத்தின் மேல் வேலை செய்யக் கூடாது.

ஆர்க்பார்ஸிலும் கொஞ்சம் அசைவு வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த பைதான் 3.14இல், குறிப்பிட்ட சில மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்திலோ உள்கட்டளைப் பெயரிலோ எழுத்துப் பிழை வந்தால், இதுவா என்று கேட்கும் வசதியைச் சேர்த்திருக்கிறார்கள். மென்பொருள் எழுதுகிறவர் அதை இயக்கிவிட வேண்டும். ஆனால் ஆப்ஷன் பெயரிலேயே பிழை என்றால் அது இன்னும் உதவாது. எங்கள் கடையில் நடப்பது பெரும்பாலும் அந்தப் பிழைதான். ரஸ்ட் மொழியில் எழுதும் கருவிகள் பலவும் பயன்படுத்தும் க்ளாப் நூலகம் ஆப்ஷன் பெயருக்கும் நெருக்கமானதைக் காட்டுகிறது. ஆகவே முடியாத காரியம் இல்லை.

பி.டி.எஃப். பக்கங்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் க்யூபிடிஎஃப் வைத்திருக்கிறேன். அதிலும் நெருக்கமான பெயரைக் காட்டும் வசதி இல்லை. ஆனால் தவறு நேர்ந்தால் ஆப்ஷன் பட்டியலைக் கொட்டுவதில்லை. இந்தச் சொல் புரியவில்லை என்று ஒரு வரி. கீழே, பயன்படுத்தும் முறைக்கு இப்படிக் கேளுங்கள், ஒரு தலைப்பைப் பற்றி அறிய இப்படி, ஒரே ஒரு ஆப்ஷனைப் பற்றி அறிய இப்படி என்று நாலு வரி. திரை சுத்தமாக இருக்கிறது. கண்ணுக்கு எங்கே பார்ப்பது என்ற குழப்பம் இல்லை.

ஓசிஆர்-மை-பிடிஎஃப் வாசலிலும் இப்படி ஒரு செய்தி வந்தால் போதும். அன்றைக்கு நான் தட்டியதற்கு என்ன பதில் வந்திருக்க வேண்டும் என்று அண்ணன் மகளும் நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். நாலைந்து தடவை அடித்துத் திருத்தி வந்தது இது: "மூன்று கோப்புப் பெயர்கள் வந்திருக்கின்றன, இரண்டுதான் வேண்டும். முதல் சொல் நீளக் கோட்டில் தொடங்குகிறது. இரண்டு சின்னக் கோடுகளைத் தட்ட நினைத்தீர்களா? அப்படியானால் --டெஸ்க்யூ என்று தட்டுங்கள். எந்தக் கோப்பும் மாற்றப்படவில்லை."

கடைசி வாக்கியத்தை நான்தான் சேர்க்கச் சொன்னேன். அவள் அது தேவையா என்று கேட்டாள். கவுண்டரில் நின்று பார்த்தவருக்குத்தான் அதன் தேவை தெரியும். தவறு என்று திரை சொன்னதும் உதவிப் பெண் முதலில் கேட்பது, "அக்கா, ஃபைல் போயிடுச்சா?" என்றுதான். இல்லை என்று தெரிந்தால் கை நடுங்காமல் அடுத்த முறை தட்டுவாள்.

செய்திகள் தமிழில் வருமா என்று கேட்டால், இந்தக் கருவியில் ஆங்கிலம்தான். எளிய ஆங்கிலம், சொற்றொடர்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் எங்கள் கடையில் சமாளிக்கிறோம். அடிக்கடி வரும் ஒன்பது செய்திகளை நான் தமிழில் எழுதி, பிக்சல் கணக்கு ஒட்டிய தாளுக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறேன். அதில் ஏழு, உள்ளேயிருந்து வரும் நல்ல செய்திகள்; அவற்றை மொழிபெயர்த்தாலே போதுமாக இருந்தது. வாசல் செய்திகள் இரண்டுக்கும் மொழிபெயர்ப்போடு விளக்கமும் எழுத வேண்டியிருந்தது. கடைசிக் கோப்பைக் குற்றம் சொன்னால் முதல் சொல்லின் கோட்டைப் பார் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்க இதற்கு விலை கிடையாது. ஸ்கேன் கடை, வக்கீல் ஆபீஸ், பழைய இதழ் சேர்த்து வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் நிறுவிக்கொள்ளலாம் என்று மனதாரச் சொல்வேன். எட்டு வருடப் பழைய கணினியில், 8 ஜி.பி. மெமரியில், உபுண்டு போட்டு ஓட்டுகிறேன். ஓ.சி.ஆர். நடக்கும்போது பிராசசர் முழுசாக வேலை செய்யும். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் ஊரில் பகலில் பெரிய கட்டு எதையும் ஓட விடாதீர்கள், கணினி காய்ந்துவிடும். இரவில் ஓட விடுங்கள், யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும். கட்டளையை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் எண்டர் தட்டுவதற்கு முன் கோடுகளை மட்டும் அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டுங்கள்.

அண்ணன் மகளுக்கு இந்த மாதக் கடைசியில் தேர்வு முடிகிறது. முடிந்ததும் அந்த நீளக் கோட்டுச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதி, திட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பப் போகிறோம். தவறு எப்படி நேர்கிறது என்பதைக் காட்ட, அன்றைக்கு அவள் அனுப்பிய அதே கட்டளையை நீளக் கோட்டோடு அப்படியே சேர்த்து அனுப்புவோம்.